உன் மச்சான் இன்னும் வரலியா அண்ணா

குடிபாலாவில் பிரகாசம் என்று கேட்டால் வீடு காட்ட ஆள் கிடைப்பது கஷ்டம். தபிதாம்மா வீட்டுக்காரர் என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கை காட்டும். அவரும் அதை ஒரு குறையாக நினைத்ததில்லை. சித்தூர் பக்கத்து மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் வயது முழுக்க பாய்லர் பார்த்தவர். சீசன் வந்துவிட்டால் வீட்டுக்கு வருவதே தூங்கத்தான். எத்தனை சோப்புப் போட்டுக் குளித்தாலும் சட்டையில் புளித்த பழவாடை போகாது. யாருக்கு யார் என்ன உறவு, எந்த வீட்டில் பிள்ளை பிறந்தது, எந்த வீட்டில் துக்கம் என்பதெல்லாம் அவருக்குத் தெரியாது. அதையெல்லாம் தபிதா பார்த்துக்கொண்டாள்.

தபிதா நாகலாபுரத்துப் பெண். உபதேசியார் சாமுவேலின் கடைசி மகள். அந்தப் பக்கத்துப் பழைய மிஷன் சபைகளில் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் சுற்றிச் சுற்றி ஒன்றுக்குள் ஒன்றுதான். சத்தியவேட்டில் பெண் எடுத்து நகரியில் கொடுத்து, நகரியில் எடுத்து சித்தூரில் கொடுத்து, கடைசியில் யார் மாமன் யார் சித்தப்பன் என்று எல்லோருக்கும் குழம்பிப்போகும். அதனால் ஒரு வீட்டில் பெண் பார்க்கக் கிளம்புமுன் தபிதாவிடம் ஒரு நடை வந்து கேட்டுக்கொண்டு போவார்கள். அவள் முறத்தில் அரிசியைப் புடைத்துக்கொண்டே சொல்லுவாள்.

"யாரு, ஈவ்லின் மகளா? வாணாம்டா. ஈவ்லினைப் பெத்தவளும் உங்கம்மாவைப் பெத்தவளும் அக்கா தங்கச்சி. உனக்கு அது தங்கச்சி முறை ஆவுது. தங்கச்சிக்குப் போயி மோதிரம் மாத்துவியா? வேற எடம் பாருடா போ."

பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு போவான். சபை ஐயர் கூடக் கோயிலில் கல்யாண ஓலை வாசிக்குமுன் "தபிதாம்மாண்டை கேட்டாச்சா?" என்று விசாரிப்பார். முறை தப்புவது அவளுக்குக் காரியத்தில் மட்டுமில்லை, பேச்சில் விளையாட்டுக்குக் கூடப் பொறுக்காது. அண்ணன் முறைக்காரனை யாராவது கேலியாக மாமா என்று கூப்பிட்டுவிட்டால் வாயிலேயே போடுவாள்.

அவளுக்கு ஒரே அண்ணன், ஜோஷுவா. தங்கையைப் பாய்லர்காரனுக்குக் கொடுப்பதில் அவனுக்கு மனமில்லை. அவர்கள் வழக்கப்படி கல்யாணத்துக்கு மறுநாள் பெண்ணை அவள் அண்ணன்தான் கூட்டிப்போய்ப் புருஷன் வீட்டில் விடவேண்டும். விட்டு, ஒரு சொம்புத் தண்ணீர் குடித்துவிட்டு, விளக்கு வைக்குமுன் திரும்பவேண்டும். ஜோஷுவா வரவில்லை. ஒரு பெரியம்மாதான் தபிதாவைக் குடிபாலாவில் கொண்டுவந்து விட்டாள். பிறகு பிள்ளை ஜாபேஸ் பிறந்தபோதுதான் அண்ணன் மனம் இறங்கி வந்தான். வந்தாலும் பிரகாசம் ஷிஃப்டில் இருக்கும் நேரமாகப் பார்த்து, வெள்ளைச் சட்டையும் கையில் குடையும் வேர்க்கடலைப் பையுமாக வருவான். தபிதாவும் பொழுது சாயும்போது "நீ கெளம்பு அண்ணா, அவரு வந்துடுவாரு, உன்னைப் பாத்தா சங்கடப்படுவாரு" என்று அனுப்பிவைப்பாள். அண்ணன் இருக்கும்போது புருஷன் வரமாட்டார். புருஷன் வரும்போது அண்ணன் இருக்கமாட்டான். இப்படியே வருஷங்கள் ஓடி, மச்சானும் மச்சானும் ஒரு பந்தியில் உட்கார்ந்து சாப்பிடாமலேயே ஜோஷுவா புத்தூர் ரோட்டில் லாரி மோதிப் போய்ச் சேர்ந்தான்.

தபிதாவின் ஞாபகம் போக ஆரம்பித்தது சமையலில்தான் முதலில் தெரிந்தது. குழம்பில் இரண்டு தரம் உப்பு, அடுத்த நாள் உப்பே இல்லை. அப்புறம் கேஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தாள். ஒரு நாள் வேலூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே நடந்துபோய்க்கொண்டிருந்தவளை டீக்கடைக்காரன் பிடித்து உட்காரவைத்திருந்தான். பிரகாசத்துக்கு இடுப்பு எலும்பு முறிந்து கூடியது. ஓடிப் பிடிக்க முடியாது, தூக்கி உட்காரவைக்கவும் முடியாது. ஜாபேஸ் சத்தியவேட்டுப் பக்கம் கம்பெனியில் ஷிஃப்ட் வேலை. அங்கே ஒற்றை அறையில் பெண்டாட்டி பிள்ளையோடு இருக்கிறான். வந்து உட்கார்ந்து அழுதான்.

"நைனா, நான் இன்னா செய்யட்டும் சொல்லு. வேலையை வுட்டுட்டு வரட்டா?"

"வேலையை வுட்டுட்டு வந்து துன்றதுக்கு இன்னா பண்ணுவ?" என்றார் பிரகாசம். சித்தூரில் சபையார் நடத்தும் முதியோர் இல்லத்தில் தபிதாவைச் சேர்த்தார்கள்.

அந்த இல்லத்தில் ராத்திரிக்கு நர்ஸ் கிடையாது. தானே சாப்பிடுகிறவர்கள், சொன்னதைக் கேட்டு அமைதியாக இருக்கிறவர்கள் மட்டும் அங்கே இருக்கலாம். அது முடியாது போனால் திருப்பதியில் இருக்கும் பெரிய இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். அங்கே படுக்கை வார்டு உண்டு, எந்நேரமும் ஆள் உண்டு. ஆனால் குடிபாலாவிலிருந்து சித்தூருக்கு பஸ் ஏறினால் பேப்பர் படித்து முடிக்குமுன் வந்துவிடும். திருப்பதி போய்வர ஒரு பொழுது முழுசும் போய்விடும்; அந்த இடுப்பை வைத்துக்கொண்டு தினமும் ஆகாது. அதனால் பிரகாசத்துக்கு அந்த நாட்களில் ஜெபம் ஒன்றே ஒன்றுதான்: அவள் சித்தூரிலேயே இருக்கவேண்டும்.

இல்லத்தைப் பார்த்துக்கொண்டவள் ஜெயசீலி சிஸ்டர். பகலில் எல்லோரையும் ஹாலுக்குக் கூட்டிவந்து சும்மா இருக்க விடமாட்டாள். புளியில் கொட்டை எடுக்கச் சொல்லுவாள், கலர் கலராகத் துணித்துண்டுகளைப் பிரிக்கச் சொல்லுவாள், பழைய கீர்த்தனையில் முதல் அடியைத் தான் பாடி அடுத்ததை அவர்களைப் பாடச் சொல்லுவாள். மூளையும் கை கால் மாதிரிதான், மடக்கி நீட்டாமல் விட்டால் இறுகிப்போகும் என்பாள். தபிதாவுக்குப் புளியும் துணியும் பிடிக்கவில்லை. ஆனால் உறவு கேட்டால் போதும், முகம் மாறிவிடும்.

"தபிதாம்மா, நகரி எத்திராஜ் யாரு?"

"எந்த எத்திராஜ்? தறிக்காரரா? அவரு நம்ம ஆளு இல்ல, ஆனா அவரு அக்கா மவன் நம்ம சபைக்கு வந்தவன். சத்தியவேட்டு ஜெயச்சந்திரனுக்கு மூத்த மாப்ள." மூச்சு விடாமல் நான்கு தலைமுறை இறங்குவாள். நேற்றுச் சாப்பிட்டது தெரியாது. இது தெரிந்தது.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள்தான் கெடுத்தார்கள். வந்ததும் வராததுமாக முகத்துக்கு நேரே குனிந்து "நான் யாரு சொல்லு பாக்கலாம்? தெரியலியா? என்னைத் தெரியலியா?" என்று கேட்பார்கள். ஒவ்வொருவர் கேட்டுவிட்டுப் போகும்போதும் தபிதா இன்னும் கொஞ்சம் சுருங்கினாள். பிரகாசமும் முதல் மாதம் அதையேதான் கேட்டார். அவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொள்வாள். சாப்பாட்டைத் தொடமாட்டாள்.

ஒரு நாள் மழைக்காக அவர் குடையோடு வந்தார். கையில் பஸ் ஸ்டாண்டில் வாங்கின வேர்க்கடலை. சட்டை வெள்ளை. வாசலில் பார்த்ததும் தபிதா எழுந்து நின்றாள்.

"அண்ணா! வந்துட்டியா? எவ்ளோ நாளாச்சு அண்ணா!"

பிரகாசம் பின்னால் திரும்பிப் பார்த்தார். யாருமில்லை. அவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்காரவைத்து, ஜெயசீலி கொடுத்த தட்டை வாங்கிச் சோறு முழுவதும் சாப்பிட்டாள். பல நாளாகப் பாதி இட்லிக்கு மேல் இறங்காத தொண்டை. ஜெயசீலி அவரைத் தனியே கூப்பிட்டாள்.

"ஐயா, மறுத்துப் பேசாதீங்க. அண்ணன்னா அண்ணனாவே இருங்க. துன்றாங்க இல்ல, அது போதும்."

"நான் கட்டினவன்மா."

"தெரியும் ஐயா. துன்றாங்க இல்ல?"

அன்று முதல் பிரகாசம் ஜோஷுவா ஆனார். அந்த மனுஷன் தங்கையைப் பாப்பா என்று கூப்பிடுவான். வாழ்நாளில் அவளைத் தபிதா என்றே கூப்பிட்டவர் பாப்பா என்று சொல்லிப் பழகினார். வெயிலிலும் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார். பக்கத்துக் கட்டில் வெங்கடம்மா நகரித் தறி வீட்டுக்காரி. முழங்கால் போயிற்றே தவிர வாய் போகவில்லை. அவரைக் கண்டாலே ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னாய்யா, இன்னிக்கு அண்ணனா, புருசனா? கொடை கொணாந்துகீறியே, அப்ப அண்ணந்தான். எனுக்கு வாச்சவனும் இப்டி ஒரு நாளு வேசம் கட்டியிருந்தா நான் எதுக்கு இங்க வந்து குந்திகினு இருக்கப் போறேன்."

தபிதா தேறினாள். ஹாலுக்கு நடந்து வந்தாள், பாட்டுக்கு அடுத்த அடி எடுத்தாள். ஆனால் அண்ணனிடம் தங்கை என்ன பேசுவாள்? புருஷனைப் பற்றித்தான் பேசினாள்.

"உன் மச்சான் இன்னும் வரலியா அண்ணா?"

"வருவாரு பாப்பா."

"இங்க கொணாந்து வுட்டவரு எட்டியே பாக்கலை. சீசனா இப்ப?"

"ஆமா. சீசன்."

"நீ அன்னிக்கு சொன்னியே, பாய்லர்காரன், கிட்ட வந்தா நாறுவான்னு. சொன்ன இல்ல? அப்டிச் சொல்லாத அண்ணா. அந்த வாசனை வரலைன்னா எனுக்குத் தூக்கம் புடிக்காது. அவரு பேச மாட்டாரு, அவ்ளோதான். நல்லவரு."

பிரகாசம் கடலைத் தோலைத் தரையிலிருந்து பொறுக்கிக்கொண்டே இருந்தார். இவ்வளவையும் அவள் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. அவரும் கேட்டதில்லை. இப்போது காதில் விழுந்தும், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய ஆள் அங்கே இல்லை.

அடுத்த நாள் பொறுக்கமாட்டாமல் குடையை வீட்டில் வைத்துவிட்டு, பழைய காக்கிச் சட்டையைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். "தபிதா, நான் வந்துட்டேன்" என்றார். அவள் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வெங்கடம்மா பக்கம் ஒதுங்கினாள்.

"யாருக்கா இந்தப் பெரியவரு? யாரைப் பாக்கணுமாம்?"

வெங்கடம்மா அன்றைக்கு மட்டும் கேலி செய்யவில்லை. "உங்க ஊருக்காரருதான்மா. சும்மா பாக்க வந்துகீறாரு" என்றாள். தபிதா மரியாதையாக "உக்காருங்க, தண்ணி துன்றீங்களா, குடிக்கிறீங்களா?" என்று வார்த்தை தடுமாறிக் கேட்டாள். அன்று மத்தியானம் சாப்பிடவில்லை. மறுநாள் அவர் மறுபடியும் குடையை எடுத்துக்கொண்டார்.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலம் தொடங்கின சமயத்தில் திருப்பதியிலிருந்து டாக்டர் ஹரிபிரசாத் வந்தார். யார் யார் சித்தூரில் இருக்கலாம், யாரைத் திருப்பதிக்கு அனுப்பவேண்டும் என்று பார்த்துச் சொல்லுகிறவர். சின்ன வயது, பொறுமைசாலி. தெலுங்கில் கேட்பார், ஜெயசீலி தமிழில் சொல்லுவாள்.

"இன்னிக்கு இன்னா கெழமை தபிதாம்மா?"

"கோயிலுக்குப் போற நாளு இல்ல."

"இது எந்த ஊரு?"

"நாகலாபுரம். ஏன், உங்களுக்கு வழி தெரியலியா?"

டாக்டர் சிரித்தார். வாழைப்பழம், சாவி, குடை என்று மூன்று சொல்லிக்கொடுத்து, கொஞ்ச நேரம் வேறு பேச்சுப் பேசிவிட்டுத் திரும்பக் கேட்டார். "குடை அண்ணனுது" என்றாள் தபிதா. மற்றது இரண்டும் போயிருந்தது. பிரகாசம் ஓரமாக நின்று உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"சார், உறவு கேளுங்க சார். அதுல பாருங்க" என்றாள் ஜெயசீலி. டாக்டரும் கேட்டார். தபிதா நிமிர்ந்து உட்கார்ந்து சத்தியவேட்டு வேங்கடாசலத்தின் மருமகள் முறை எப்படி, அவள் தம்பிக்குக் குடிபாலாவில் பெண் எடுக்கலாமா கூடாதா என்று கணீரென்று சொன்னாள். டாக்டர் முகத்தில் ஒரு திருப்தி வந்தது. பிரகாசத்துக்கு உயிர் வந்தது. கடைசியாக, போகிறபோக்கில், டாக்டர் அவரைக் கை காட்டினார்.

"இவரு யாரும்மா?"

"எங்க அண்ணன் ஜோஷுவா. நாகலாபுரம் உபதேசியார் மகன்."

டாக்டர் திரும்பிப் பிரகாசத்தைப் பார்த்தார். பேசாமல் தலையாட்டியிருந்தால் போதும். ஆனால் அந்த நொடியில் அவருக்குத் தோன்றியது ஒன்றுதான்: கட்டின புருஷனையே தெரியவில்லை என்று எழுதிவிடுவார், அனுப்பிவிடுவார். ஓடிப்போய் அவள் முன்னால் மண்டி போட்டார். இடுப்பு வலித்தது. அவள் இரண்டு கையையும் பிடித்தார்.

"தபிதா, நல்லாப் பாரு. நான் அண்ணன் இல்ல. உன் புருசன். உன்னைக் கட்டினவன். பாரு என்னை."

அவள் பார்த்தாள். அவள் கண்ணுக்கு முன்னால் இருந்தது ஜோஷுவா. கூடப் பிறந்தவன் ஊர் நடுவில் கையைப் பிடித்துக்கொண்டு நான் உன் புருஷன் என்கிறான்.

கையை உதறினாள். "அண்ணா, இன்னா பேச்சு இது? சீ! கூடப் பொறந்தவகிட்ட! வாய் அழுவிப் போவும் உனுக்கு!" அறைந்தாள். பிறகு தன் தலையில் அடித்துக்கொண்டாள். நாற்காலியோடு சாய்ந்தாள். "யாராவது வாங்களேன், நைனா, நைனாவைக் கூப்புடுங்களேன்" என்று அலறியவளை ஜெயசீலியும் இன்னும் இரண்டு பேருமாகப் பிடித்து அறைக்குக் கொண்டுபோனார்கள். ஹாலில் இருந்த மற்ற கிழவிகளில் ஒருத்தி பயந்து அழ ஆரம்பித்தாள். துணித்துண்டுகள் தரையெல்லாம் கிடந்தன.

பிரகாசம் மண்டி போட்டபடியே இருந்தார். எழுந்திருக்க முடியவில்லை. டாக்டர்தான் கை கொடுத்துத் தூக்கினார். ஆள் மறப்பதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாராம். நீங்கள் சும்மா இருந்திருக்கலாமே பெரியவரே என்று மெதுவாகச் சொன்னார். இப்படித் தலையில் அடித்துக்கொள்கிறவர்களை ராத்திரி ஆளில்லாத இடத்தில் விட முடியாது, திருப்பதிதான் நல்லது என்றார். அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதனால் பிரகாசத்துக்குச் சண்டை போடக் கூட வழியில்லை.

"எனுக்குத் தெரிஞ்சிருக்கணும்" என்றார் ஜெயசீலியிடம். "முறை தப்பிப் பேசினா அவ தாங்க மாட்டான்னு ஊருக்கே தெரியும்."

ஜெயசீலி தரையில் கிடந்த துணித்துண்டுகளைப் பொறுக்கினாள். அண்ணனாக இருக்கச் சொன்னவள் அவள்தான். அதை நினைத்தாளோ என்னவோ, கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதற்குப் பிறகு தபிதா குடையையும் பார்க்கவில்லை, கடலையையும் தொடவில்லை. என்ன நடந்தது என்பது மறந்துவிட்டது. ஏதோ நடந்தது என்பது மட்டும் உடம்பில் தங்கிவிட்டது. அவர் வாசலுக்கு வந்தால் கால்களை இழுத்துக்கொண்டு சுருண்டு படுத்தாள். புருஷனாகவும் ஆகாது, அண்ணனாகவும் ஆகாது என்று வெளியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார். "உள்ள வாய்யா, நான் சொல்றேன் அவளண்டை" என்பாள் வெங்கடம்மா. அவர் குடையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்கு நடப்பார்.

திருப்பதிக்குப் போகும் நாள் வேன் வந்தது. ஜாபேஸுக்கு லீவு கிடைக்கவில்லை. போனில் "நைனா, அங்க நல்லாப் பாத்துக்குவாங்க, நான் ஞாயித்துக்கெழமை நேரா அங்க வந்துடறேன்" என்றான். தபிதா வேன் ஏற மறுத்தாள். கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்களோடு போகமாட்டேன் என்று நின்றாள். ஜெயசீலி கெஞ்சிப் பார்த்தாள், பாட்டுப் பாடிப் பார்த்தாள், உறவு கேட்டுப் பார்த்தாள். எதுவும் ஆகவில்லை. டிரைவர் ஹார்ன் அடித்தான்.

பெஞ்சில் இருந்த பிரகாசம் எழுந்து வந்தார். கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"பாப்பா."

அவள் திரும்பினாள். பல நாளுக்குப் பிறகு கண் அவர்மேல் நின்றது.

"பாப்பா, வா. அண்ணன் கொண்டுபோயி வுடறேன். உன் வூட்டுக்கு. மச்சான் காத்துகினு இருக்காரு."

"நீயா? நீ வர மாட்டேன்னியே அண்ணா?"

"வந்துட்டேன் இல்ல."

கம்பியை விட்டாள். புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டாள். "தலை வாரலியே" என்றாள். ஜெயசீலி ஓடிப்போய்ச் சீப்பு எடுத்துவந்து வாரிவிட்டாள். வெங்கடம்மா ஜன்னலில் இருந்து தன் கட்டிலில் வைத்திருந்த கனகாம்பரச் சரத்தை எறிந்தாள். கிறிஸ்தவப் பெண் பூ வைப்பாளா மாட்டாளா என்று யாரும் யோசிக்கவில்லை. தபிதாவே வாங்கி வைத்துக்கொண்டாள்.

வேனில் திருப்பதி வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். வழியெல்லாம் தோப்புகளில் மாம்பூ. "சீசன் வரப்போவுது, அவரு இனிமே வூடு தங்க மாட்டாரு" என்றாள். "அண்ணா, அங்க போயி ஒண்ணும் கோவமாப் பேசிடாத." "பேச மாட்டேன்." "தண்ணி குடிச்சிட்டுத்தான் போவணும்." "குடிக்கிறேன்."

திருப்பதி இல்லம் பெரியது, சுத்தமானது. அங்கிருந்த பெண்கள் தெலுங்கில் அம்மா அம்மா என்று அழைத்து, கைத்தாங்கலாகக் கட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். தபிதா படுக்கவில்லை. வாசல் தெரியும்படி கட்டிலோரம் உட்கார்ந்து, கொசுவத்தை நீவிவிட்டுக்கொண்டாள். ஒரு ஆயா தண்ணீர் கொண்டுவந்தாள். தபிதா அதைத் தான் வாங்கி அண்ணனிடம் நீட்டினாள். பிரகாசம் குடித்தார்.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தபிதா அதைப் பார்த்தாள்.

"நீ கெளம்பு அண்ணா. பொழுது போவுது. அவரு வந்துடுவாரு."

"இன்னும் கொஞ்ச நேரம் இருக்கறேன் பாப்பா."

"வாணாம். உன்னைப் பாத்தா சங்கடப்படுவாரு. நீ இருந்தா அவரு உள்ள வர மாட்டாரு. போ அண்ணா, என் கண்ணு இல்ல."

அவர் எழுந்தார். குடையை எடுத்துக்கொண்டார். கதவு வரை போய்த் திரும்பினார். அவள் அவரைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால், நடையின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கு வெளியே வந்து சுவரோரம் நின்றார். பஸ் ஸ்டாண்டுக்குப் போகும் ஷேர் ஆட்டோ வந்து நின்றது, போயிற்று. இன்னொன்று வந்தது. வாட்ச்மேன், "தாத்தா, உள்ள போறீங்களா, வெளிய போறீங்களா? டைம் ஆவுது, கேட்டு சாத்தணும்" என்றான்.

பிரகாசம் உள்ளே பார்த்தார். பிறகு ரோட்டைப் பார்த்தார். வாட்ச்மேன் கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டைச் சாத்தினான்.